காலி மனை என்று எழுதியவன்

கண்ணு, நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். எடை மெஷினில் பெட்டியை வைப்பதும் எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக ஒரு மணி நேரமாகச் சத்தம் கேட்கிறது. பருப்புப் பொடிக்கு இடம் வேண்டும் என்று உன் அம்மாவும், புத்தகத்துக்கு இடம் வேண்டும் என்று நீயும் மல்லுக்கு நிற்கிறீர்கள். நான் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பதினான்கு படி ஏறி வந்து உன்னிடம் நேரில் சொல்லவேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு வருடம் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பத்திரம் சரிபார்த்தவன் நான். வாயால் சொன்னதை நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடலாம், எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பிக்க முடியாது என்று மற்றவர்களுக்குச் சொல்லியே பழகியவன். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். இதை நீ உன் பேராசிரியரிடம் காட்டலாம், அச்சில் போடலாம், யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம்.

விஷயம் இதுதான். உன் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரி தப்பு. இன்னும் மூன்று வாரத்தில் அதை நீ அமெரிக்காவில், மேலே படிக்கப் போகும் இடத்தில், புது ஆட்கள் முன்னால் நின்று வாசிக்கப் போகிறாய். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். நேராக அந்த இடத்துக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த அன்று நான் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கும். அமெரிக்காவுக்குப் போய்ப் படிப்பது புரிகிறது, தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றிப் படிப்பது எதற்கு என்றேன். நம் காலனிப் பூங்காவில் என்னோடு நடப்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறு மாதம் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஒரு பை நிறைய சாக்லேட்டோடு திரும்பி வந்து, ரோடு எவ்வளவு சுத்தம், அக்கம்பக்கத்தில் மனிதர் முகமே கண்ணில் படவில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். "ரெண்டு வாரம் இருந்தா தானா தெரிஞ்சுடும் சார், இதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?" என்று ஒருவர் கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அதோடு விட்டேனா, நீ டேட்டா சம்பந்தமாக ஏதோ படிப்பதாகவும் சொல்லி வைத்தேன். அவர் மகனுக்கு வேலை கேட்டு உன்னிடமே வந்து நின்றபோது அந்தக் குட்டு உடைந்தது. நீ என்னிடம் சண்டை போடவில்லை. "அடுத்த தடவ நானே பார்க்குக்கு வந்து சொல்லிடறேம்பா" என்றாய். வந்தும் விட்டாய். ஐந்து சுற்று நடந்து முடிப்பதற்குள் அந்த நாட்டில் ரயில் பாதை போட்டவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், அவர்கள் பாடிய பாட்டில் என்ன இருந்தது என்றெல்லாம் நீ சொல்ல, என் நடைக் கூட்டாளிகள் வாய் பிளந்து கேட்டார்கள். உன் படிப்பைத் தெரிந்துகொள்ள எனக்கு அன்று முதல் தடவையாக ஆசை வந்தது. உன்னிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் வீட்டுக்குள் அமெரிக்கா கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. கதையும் கவிதையும்தான் பாடம் என்று நினைத்திருந்தேன். நீ பழைய பத்திரிகையில் வந்த வாஷிங் மெஷின் விளம்பரத்தை அச்செடுத்து வந்து, அந்தப் படத்தில் யார் துணி துவைக்கிறார்கள், யார் இல்லை என்று உன் அம்மாவைக் கேட்டாய். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்ட இவ ஒருத்தியாவா பாத்துக்கறா? வேலக்காரம்மாவ படத்துல விட்டுட்டாங்க" என்றாள். நீ துள்ளிக் குதித்தாய். உன் பேராசிரியர் ஒரு மணி நேரம் நடத்திய பாடம் அதுதானாம். அடிமையாக இருந்த ஒருவர் தப்பித்து வந்து தன் கதையைத் தானே எழுதிய புத்தகத்தை நீ படித்துக்கொண்டே சாப்பிட்டதும், சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு தேசத்தை இப்படியும் படிக்கலாமா என்று அப்போது தோன்றியது. நான் படித்த காலத்தில் ராஜாக்களின் பெயரைத்தான் மனப்பாடம் செய்தோம்.

இந்த ஆர்வத்துக்கு நடுவிலும் நான் அப்பாதானே. உனக்கு வரன் பார்க்கத் தொடங்கினேன். விவரக் குறிப்பில் எம்.ஏ. அமெரிக்கன் ஸ்டடீஸ் என்று போட்டதும் டெக்சாஸ் மாப்பிள்ளை வீட்டிலிருந்து உடனே போன். பெண் பார்க்க வந்த அன்று பையன் வீடியோவில், அவனுடைய அப்பா அம்மா நம் கூடத்தில். "ப்ரொஃபைல பார்த்ததுமே இவர்கிட்ட சொன்னேன், பொண்ணு அமெரிக்காவுக்குன்னே படிச்சு ரெடியா இருக்கா, போன உடனே செட்டிலாயிடுவான்னு" என்றார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன், அது அப்படியல்ல என்று சொல்லவில்லை. ஏதாவது கேட்கவேண்டுமானால் கேள் என்று பையன் உன்னிடம் சொன்னான். நீ கேட்டாய்.

"உங்க வீடு இருக்கற இடத்துல முன்னாடி யார் இருந்தாங்க?"

"ஒரு சைனீஸ் ஃபேமிலி. அவங்ககிட்டதான் வாங்கினேன்."

"அதுக்கும் முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லங்க. புது லேஅவுட் அது. எம்ப்டி லேண்ட்."

பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு ஒரு விசித்திரமான பெயர் இருக்கிறதே, அது யாருடைய மொழி என்று அடுத்ததாகக் கேட்டாய். பாவம், நல்ல பையன். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன், இதை யோசித்ததே இல்லை என்று சிரித்தான். நான்கு நாள் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து உனக்குச் செய்தியும் அனுப்பினான். அதற்குள் அவன் அம்மா, பொண்ணு ரொம்பக் கேள்வி கேட்கிறது என்று முடித்துக்கொண்டுவிட்டார்கள். அன்று அவர்கள் படியிறங்கியதுமே நான் உன்மேல் பாய்ந்தேன். "பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட வில்லங்கமா பார்ப்ப?" என்று கத்தினேன். நீ கோபமே இல்லாமல் சொன்னாய்: "நீங்க ஆபீஸ்ல அதத்தானேப்பா பார்த்தீங்க. சரி சொல்லுங்க, நம்ம வீடு இருக்கற இடத்துல யார் இருந்தாங்க?"

உன் முகத்தில் ஒரு குழந்தைக்குரிய ஆவல் இருந்தது, கண்ணு. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான், "யாரும் இல்ல. வெறும் காலி மனை. பத்திரத்துலயே இருக்கு பாரு" என்றேன். சொன்னதோடு நிற்காமல் பீரோவைத் திறந்து கிரயப் பத்திரத்தை எடுத்து விரித்து, காலி மனை என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். முப்பது வருடத்துக்குப் பார்த்த வில்லங்கச் சான்றையும் காட்டினேன். அந்த இடத்தின்மேல் வேறு விற்பனையோ அடமானமோ எதுவும் பதிவாகவில்லை என்று சர்க்காரே முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் அது. "வாசகமெல்லாம் நானே எழுதினது, ஒரு வார்த்தை பிசகாது" என்று பெருமை வேறு. நீ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாய்.

அதிலிருந்துதான் உன் ஆய்வு பிறந்தது. அந்த நாட்டில் குடியேறியவர்கள் எழுதிய கடிதங்களிலும் கதைகளிலும் நில அளவைக் குறிப்புகளிலும் நிலம் எப்படி ஆளில்லாத நிலமாக மாறுகிறது என்பது தலைப்பு. நீ கல்லூரிக்குப் போயிருக்கும்போது நான் உன் புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். கதைகள் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் பழங்குடிகளோடு போட்ட ஒப்பந்தங்கள் இருந்ததே, அதை நான் விடவே இல்லை. என் கை தானாகவே நான்கெல்லை எங்கே என்று தேடியது. கீழே கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் நம் ஊர்க் கைநாட்டு போலப் பெருக்கல் குறிகள். பக்கத்தில் வேறு யாரோ எழுதிய பெயர்கள். இவர்களுக்கு இந்த வாசகத்தைப் படித்துக் காட்டியது யார், படித்துக் காட்டியதுதான் காகிதத்திலும் இருந்ததா என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். அது யார் குறித்தது என்று நீ உன் தோழிகளை எல்லாம் கேட்டுவிட்டாய். நான்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது, நிலம் காலியாக இருந்தது என்று ஒரு சர்வேயர் எழுதியதை நீ வாசித்துக் காட்டினாய். அவருக்கு நிஜமாகவே கண்ணில் யாரும் படவில்லையோ என்று கேட்டாய். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "பார்க்காதவன் அந்த வார்த்தைய எழுத மாட்டான். சும்மா கிடக்கற இடத்த நாலு எல்லை போட்டு எழுதினா போதும். காலின்னு அழுத்தி எழுதறான்னா, அங்க யாரோ நின்னுட்டு இருக்கறத பார்த்துட்டுத்தான் எழுதறான்." நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதை அப்படியே குறித்துக்கொண்டாய். "எப்படிப்பா உங்களுக்கு இது தெரியும்?" என்றாய். சர்வீஸ் அனுபவம் என்றேன். உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சுற்றி வந்தது போதும், இனி சொல்லிவிடுகிறேன்.

நம் மனை காலியாக இல்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், நானும் உன் அம்மாவும் ஸ்கூட்டரில் இடம் பார்க்க வந்த அன்று அங்கே கீரைப் பாத்தியும் கத்தரிச் செடியும் இருந்தன. தென்கிழக்கு மூலையில் செங்கல் கட்டிய ஒரு கிணறு இருந்தது. நிலத்துக்காரர் வேறு ஒருவர், அவர்தான் மனை போட்டு விற்றார். பயிர் வைத்தவர்கள் கன்னியம்மாவும் அவள் புருஷனும். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பாடுபட்டவர்கள். அந்த ஏற்பாடு வாய்ப்பேச்சு, காகிதத்தில் கிடையாது. அதனால்தான் வில்லங்கச் சான்றில் அவர்கள் இல்லை. கிணற்றோடு சேர்த்துப் பத்திரம் எழுதுவதுதான் வழக்கம். கிணறு, அதற்குப் போகும் வழி, மாமூல் பாத்தியம், அதாவது வழக்கமாக அனுபவித்து வந்த உரிமை, என்று ஒரு வரி வரும். பத்திரத்தை நான் எழுதித் தருகிறேன் என்று நிலத்துக்காரரிடம் சொல்லி, அந்த வரியை விட்டுவிட்டு, காலி மனை என்று எழுதினவன் நான்.

கடைக்கால் தோண்டிய நாளில் கன்னியம்மா குடத்தோடு வந்து நின்றாள். "சார், கிணத்த மட்டும் மூடாதீங்க சார். நாலு வூடு இதுலதான் தண்ணி மொள்றோம். கேட்டு போட்டுக்கங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில ஒரு தபா தொறந்து வுட்டா போதும்" என்றாள். பார்க்கலாம் அம்மா என்றேன். அடுத்த வாரம் இரண்டு லாரி கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கிணற்றுக்குள் கொட்டச் சொன்னேன். அக்னி மூலையில் கிணறு ஆகாது என்று மேஸ்திரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு உன் அம்மாவிடம் வாஸ்து என்றேன். வாஸ்து காரணமே இல்லை. நான் பத்திரம் படித்தவன். வருடக்கணக்காகத் தண்ணீர் எடுக்க விட்டால் அதுவே அவர்களுக்கு ஒரு பாத்தியம் ஆகிவிடும், நாளைக்குக் கேட்டை மூட முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்த அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நாலு வீட்டுக் குடத்தைத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு மழைக்கும் போர்ட்டிகோ தரை இறங்கி விரிசல் விடுமே, நீ சின்ன வயதில் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவாயே, ஏன் என்று கேட்டால் களிமண் அப்படித்தான் என்பேனே, அதன் கீழே இருப்பது அந்தக் கிணறு. மே மாதம் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் உன் அம்மா அந்த விரிசலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

போன வாரம் நீ கட்டுரையை அச்செடுத்து என்னிடம் கொடுத்தாய், முதலில் நான்தான் படிக்கவேண்டும் என்று. முதல் வரியை நான் தமிழில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நான் வளர்ந்த வீடு யாரும் இல்லாத நிலத்தில் கட்டப்பட்டது, அதற்கு என்னிடம் பத்திரம் இருக்கிறது. இப்படி ஒரு நிஜமான காலி இடத்தை ஒரு பக்கம் வைத்து, அந்த நாட்டின் பொய்யான காலி இடங்களை இன்னொரு பக்கம் வைத்து எடை போட்டிருக்கிறாய். உலகத்தில் உள்ள காகிதத்தை எல்லாம் சந்தேகப்படுகிற பெண் நீ, இந்த ஒரு காகிதத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அப்பா எழுதியது என்பதால். உன்னிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று அன்றே உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுதினா முழுசா எழுதுங்க. இதுலயும் ஒரு வரிய விட்டுடாதீங்க" என்றாள்.

கன்னியம்மாவைத் தேடவேண்டிய அவசியம் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு எப்போதும் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருக்கும், நாம் கிராமம் என்று சொல்லும் அந்தப் பழைய ஊர்தான். நீ கல்லூரி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் மசால் வடை வாங்கி வருவாயே, அது அவள் கடை. எண்ணெய் சரியில்லை என்று சொல்லி நான் தொடாமல் இருந்ததும் பொய்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் நின்றேன். அவள் அடுப்பில் நின்றாள், மருமகள் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தெரியுதாம்மா?" என்றேன்.

"தெரியாம இன்னா. ஸ்கூட்டர் சாரு. இத்தினி வருசமா இந்தப் பக்கம் பாக்காமத்தான போய்கினு கீற."

கிணற்றைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். அவள் வடையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "உன் வூட்டு வாசல்ல தரை எறங்குதா?"

"இறங்குது. வருஷா வருஷம்."

"எறங்கும். எம்புருசனும் அவுரு தம்பியும் வெட்டன கெணறு. நல்ல ஊத்து. குப்பைய கொட்டிட்டா நின்னுடுமா இன்னா?"

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. "அத்த வெச்சிகினு நான் இன்னா சார் பண்றது" என்றாள். அவள் புருஷன் போய் ஆறு வருடம் ஆகிறதாம். கிணறு மூடின பிறகு தண்ணீருக்கு ஏரிக்கரை வரை நடந்தார்களாம். அதற்கு மேல் என்னிடம் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். "கண்ணாடி போட்டுகினு, புஸ்தகப் பையோட வரும், அந்தப் பொண்ணா? அது உன் பொண்ணா?" என்று என்னை நம்பாமல் பார்த்தாள். அமெரிக்கா போய் என்ன படிக்கப்போகிறது என்று கேட்டாள். அந்த நிலத்தில் முன்னால் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று, அதைப் பற்றி யார் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், அதெல்லாம்தான் என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள், மருமகளும் சேர்ந்துகொண்டாள். "இதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா சார்?" என்றாள். நீ போகத்தான் வேண்டும், கண்ணு. நீ அந்தத் தூரத்து ஊரைப் படித்ததால்தான் என் வீட்டு வாசல் எனக்குத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அப்பா என்ற முறையில் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்தக் காகிதத்தைப் படித்தாலும், அதை எழுதியவன் அன்று எங்கே நின்றுகொண்டிருந்தான், அவன் எதிரே குடத்தோடு யார் நின்றார்கள் என்று கேள். அந்தக் கேள்வியிலிருந்து யாரையும் விட்டுவைக்காதே, என்னையும்தான். முதல் வரியை மாற்று. பத்திரத்தின் படம் இருக்கட்டும், எழுதியவன் என் அப்பா என்று போடு. இனிமேல் நான் என்ன சொன்னாலும் நீ ஒரு தடவை சரிபார்ப்பாய். அது எனக்கு வலிக்கிறது, மறைக்க மாட்டேன். சரிபார்க்காமல் நீ நம்பியது அதைவிட வலித்தது.

கன்னியம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். இதையெல்லாம் என் பெண்ணிடம் சொல்வீர்களா என்று. "அது கேட்டா சொல்றேன். அங்க இன்னா வெளஞ்சுது, யார் யார் தண்ணி மொண்டது, எல்லாம் சொல்றேன். ஞாயித்துக்கெழம கடை கெடையாது, வூட்டுக்கே வரேன். எனக்கும் அந்த எடத்த பாக்கணும்" என்றாள். நான் நன்றி சொல்லித் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஆனா நீ அங்க இருக்கக் கூடாது சார்" என்றாள்.

நாளை மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு அவள் வருவாள். போர்ட்டிகோவிலிருந்து காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிடுகிறேன், இரண்டு நாற்காலியும் போட்டு வைக்கிறேன். உன் அம்மாவும் கூட இருக்கட்டும், அவளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கும். நான் ஒன்பதரைக்கே கிளம்பித் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் போன பிறகு எனக்கு ஒரு போன் செய். உடனே செய்யவேண்டும் என்று இல்லை. நீ கூப்பிட்டால்தான் நான் வீட்டுக்கு வருவேன்.

அப்பா